கேசரி நிற மீனும் சொட்டு நீலமும்

நிறம் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். குரோம்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் சாயப் பிரிவில் இருந்தேன். வெளிநாட்டுக்காரர் அனுப்பிய மாதிரித் துண்டையும் எங்கள் தோலையும் ஜன்னல் ஓரம் கொண்டுபோய், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இது அது இல்லை என்று சொல்வது என் வேலை. சொன்னால் சொன்னதுதான். ஒரு பிடி சாயம் கூடினாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அந்தத் தலைக்கனம் ஒரு மீன் தொட்டியில் மூழ்கிப்போனதைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுதப்போகிறேன் என்றதும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி, பனியன் விஷயமும் வருமா என்பது. வரும்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அஸ்தினாபுரத்தில் வாடகை வீடு. எங்கள் பெண்ணுக்கு மூன்று வயது. என் மனைவிக்குக் காசநோய் என்று முந்தைய வருடமே தெரிந்துவிட்டது. மருந்து சாப்பிட்டாள், உடம்பு தேறியதும் போதும் என்று நடுவில் விட்டாள், நோய் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. தாம்பரம் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் தங்கினால்தான் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். இந்த முறையும் பாதியில் விட்டால் அப்புறம் எந்த மருந்தும் கேட்காது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள என் அக்கா கேளம்பாக்கத்திலிருந்து பெட்டியோடு வந்துவிட்டாள். அத்திம்பேர் போன பிறகு தனியாக இருந்தவள், பிள்ளை குட்டி கிடையாது. வீட்டுக்காரருக்கும் அக்கம்பக்கத்துக்கும் என் மனைவி அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவைத்தோம். காசநோய் என்று தெரிந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள், அப்போது அப்படித்தான். தினமும் நாலு பேரிடம் பொய் சொல்லிச் சொல்லி எனக்கு அது கைவந்த கலையாகிவிட்டது.

வார்டுக்குள் குழந்தைகளை விடமாட்டார்கள். சேர்ந்த இரண்டாவது வாரம் ஒரு நாள் மத்தியானம் என் மனைவி யாரிடமும் சொல்லாமல் கிளம்பி ரயில்வே பிளாட்பாரம் வரைக்கும் போய்விட்டாள். நர்ஸம்மா ஒருவர் ஓடிப்போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தார். குழந்தையை ஒரு தரம் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று அழுதாளாம். அன்று மாலை நான் போனபோது ஒன்று மட்டும் சொன்னாள்: குழந்தையின் போட்டோவை இங்கே கொண்டுவரக் கூடாது, பார்த்தால் இருக்க மாட்டேன்.

"நீங்க வாயால சொல்லுங்க, போதும். ஆனா உள்ளதைச் சொல்லுங்க," என்றாள்.

சொல்கிறேன் என்றேன். அன்றிலிருந்து வீட்டுக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த ஒரே தபால்காரன் நான். நான் சொல்வதை நம்பினால்தான் அவள் அங்கே தங்குவாள். தங்கினால்தான் பிழைப்பாள்.

தினமும் வேலை விட்டு ரயில் ஏறிப் போவேன். வார்டுக்கு வெளியே ஒரு சிமெண்ட் பெஞ்சு. அவள் ஒரு கோடியில், நான் ஒரு கோடியில். இரண்டு கேள்விதான் கேட்பாள். பாப்பா அழுகிறாளா? மீனெல்லாம் எப்படி இருக்கிறது?

மீன் கேள்விக்குக் காரணம் உண்டு. அந்தத் தொட்டி அவளுடையது. அவள் சேமிப்பில் வாங்கி, கூடத்து மூலையில், வெளிச்சம் படாத இடமாகப் பார்த்து வைத்தாள். பின்னால் கடல் படம் போட்ட நீலத் தாள். மேலே இருந்த டியூப் லைட்டையும் நீலக் கண்ணாடிக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தாள். சாயங்காலம் விளக்கைப் போட்டால் கூடம் முழுக்க நீலமாக இருக்கும். அம்மாவும் பெண்ணும் அந்த நீலத்தில் உட்கார்ந்து மீனுக்குத் தீனி போடுவார்கள். தங்கமீன் நாலு. அதில் ஒன்று பெரியது, நல்ல கேசரி நிறம். கேசரி நிறம் என்பது அவள் சொன்னது. கல்யாண வீட்டுக் கேசரி, நெய் மினுமினுக்கும் அந்தச் சிவந்த ஆரஞ்சு. அந்த மீன் வாயைத் திறந்து திறந்து மூடினால் பாப்பாவும் அதே மாதிரி செய்வாள்.

அவள் ஆஸ்பத்திரியில் சேர்ந்த மூன்றாவது வாரமே அந்த மீன் செத்துப்போனது. நான்தான் கொன்றேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டைச் சுத்தம் பண்ணும் வேகத்தில், தண்ணீர்க் குடத்தைக் கழுவுகிற மாதிரி, பழைய தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் கொட்டி, கிணற்றுத் தண்ணீரைப் புதிதாக நிரப்பினேன். கொஞ்சம் பழசை விட்டுவைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. சின்ன மீன்கள் மூன்றும் சமாளித்துக்கொண்டன. பெரியது திங்கட்கிழமை மிதந்தது.

அன்று மாலையே தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு வளர்ப்பு மீன் கடைக்குப் போனேன். அதே அளவில், அதே நிறத்தில் ஒன்று பார்த்து வாங்கிவந்து விட்டுவிட்டேன். ஜன்னல் வெளிச்சம் இல்லாமல் ஒரு தோல் துண்டைக்கூடச் சரி என்று சொல்லாதவன், கடைக்காரர் எரியவிட்ட நீல விளக்கின் கீழ் ஒரு மீனைப் பார்த்து இதுதான் அது என்று முடிவு கட்டினேன். ஆஸ்பத்திரியில் அவள் கேட்டபோது மீனெல்லாம் நன்றாக இருக்கிறது என்றேன். பாப்பா அழவே இல்லை என்றேன். பாப்பா அழுதுகொண்டுதான் இருந்தாள். ராத்திரி அக்கா தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டே இருப்பாள். அதை எப்படிச் சொல்ல முடியும்?

இரண்டாவது மாதம் ஒரு நாள், மீன் தொட்டியை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றாள். குழந்தை வேண்டாம், தொட்டி மட்டும். அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டால் சாயங்காலப் பொழுது போகும் என்றாள்.

கம்பெனியில் ஒருவரிடம் நல்ல கேமரா இருந்தது. வாங்கிவந்தேன். தொட்டிக்கு எதிரே நின்று ஃபிளாஷ் போட்டு எடுத்ததில் கண்ணாடியில் ஒரு வெள்ளைப் பந்து மட்டும் விழுந்தது. ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தேன். தாம்பரத்தில் அப்போது புதிதாக வந்திருந்த கலர் லேபில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தார்கள். லேபில் மெஷின் ஓட்டுகிறவர் கவரை நீட்டும்போதே, "இன்னா சார், மீனுக்கு மை பூசிட்ட மாதிரி கீது," என்றார். தண்ணீர் நீலம், கல் நீலம், சுவர் நீலம். கேசரி நிற மீன் கறுத்து ஊதாவாகி இருந்தது.

என் மனைவி அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். மீன் எங்கே, இதில் கத்தரிக்காய்தானே நீந்துகிறது என்றாள். வீட்டில் பார்த்தால் அப்படியா இருக்கிறது என்று எனக்குக் கோபம் வந்தது. நம் கண் நீலத்துக்குப் பழகிக்கொண்டு அதைக் கழித்துவிட்டுப் பார்க்கிறது, ஃபிலிமுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது என்பதை லேப்காரர்தான் எனக்கு விளக்கினார். நிறம் பார்த்தே சம்பளம் வாங்குகிறவனுக்கு!

பிறகு அது ஒரு வீம்பாகவே ஆகிவிட்டது. டியூப் லைட்டைச் சுற்றியிருந்த நீலக் காகிதத்தைப் பிரித்தேன். கடல் படத்தைக் கிழித்தேன். மறுபடி எடுத்தேன். இப்போது நீலத்தோடு பச்சையும் சேர்ந்துகொண்டது. டியூப் லைட் ஃபிலிமில் அப்படித்தான் விழுமாம். என் மனைவி பாசி பிடித்த கிணறு என்றாள். காகிதத்தைப் பிரித்ததிலிருந்தே புது மீன் கொஞ்சம் வெளிறித் தெரிந்தது உண்மை. புது இடம், பழகினால் நிறம் ஏறிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்து மஞ்சள் கண்ணாடிக் காகிதம் வாங்கி லென்ஸுக்கு முன்னால் பிடித்தேன். நீலத்துக்கு மருந்து மஞ்சள். அது எனக்குச் சாயப் பிரிவிலேயே தெரியும். ஆனால் காகிதம் வெளிச்சத்தைக் குடித்துவிட்டது. ஷட்டர் மெதுவாகத் திறந்து மூடுவதற்குள் மீன் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விட்டது. பிரிண்டில் மீன் இருந்த இடத்தில் மங்கலாக இழுபட்ட ஒரு கோடு இருந்தது.

லேப்காரருக்கே பாவமாகிவிட்டது. தொட்டிக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஏதாவது ஒன்று வைத்து எடுக்கச் சொன்னார். அந்த வெள்ளை பிரிண்டில் வெள்ளையாக வரும்வரை மெஷினில் மஞ்சளைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பாராம். அது சரியானால் மீனும் தானாகச் சரியாகிவிடுமாம். அருமையான யோசனையாகப் பட்டது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் பனியனை எடுத்து, மடித்து, தொட்டியை ஒட்டி வைத்தேன். என் கையால் துவைத்த பனியன். பளிச்சென்று இருந்தது.

பிரிண்ட் வந்தது. பனியன் வெள்ளையோ வெள்ளை. மற்ற எல்லாவற்றுக்கும் மஞ்சள் காமாலை. தண்ணீர் எலுமிச்சைச் சாறு, கல்லெல்லாம் மஞ்சள் கிழங்கு. லேப்காரர் தலையைச் சொறிந்தார். நீங்கள் வைத்த வெள்ளைக்குத்தான் சரி பண்ணினேன் என்றார். எனக்கும் ஒன்றும் புரியவில்லை. அதையே எடுத்துக்கொண்டு போனேன்.

என் மனைவி பார்த்தாள். ஓரத்தில் இருந்த வெள்ளையைக் காட்டி அது என்ன என்று கேட்டாள். என் பனியன் என்றேன். யார் துவைத்தது என்றாள். நான்தான் என்றேன்.

"எவ்வளவு நீலம் போட்டீங்க?"

"ஒரு மூடி."

"ஒரு பனியனுக்கா?"

தலையாட்டினேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். துண்டை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள், இருமினாள், மறுபடி சிரித்தாள். பக்கத்துப் பெஞ்சிலிருந்து ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார். ஒரு வாளித் துணிக்கு நாலு சொட்டு என்றாள். நான் பளிச்சென்று இருக்கிறது என்று மெச்சிக்கொண்ட பனியன் உண்மையில் வெளிர் நீலம். மெஷின் அந்த நீலத்தையும் சேர்த்துக் கழித்ததில் மற்றதெல்லாம் மஞ்சளாகிவிட்டது. அப்போ சுவரை வைத்து எடுக்கிறேன் என்றேன். சுண்ணாம்பிலும் வீட்டுக்காரர் நீலம் கலந்துதானே அடித்தார் என்றாள். யோசித்துப் பார்த்தால் எங்கள் வீட்டில் வெள்ளை என்று நாங்கள் சொன்ன ஒவ்வொன்றிலும் நீலம் இருந்தது.

"தேங்காய் உடைச்சு ஒரு மூடி வைங்க. அதுக்கு யாரும் நீலம் போடமாட்டாங்க," என்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ரயிலில் எனக்கும் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. அவளை எவ்வளவு பிடிக்கும் என்று அன்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அது நாலாவது மாதம். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லா ஏற்பாடும் செய்தேன். டியூப் லைட்டை அணைத்தேன். அக்காவை வாசற்படியில் நிற்கவைத்து, முகம் பார்க்கும் கண்ணாடியைக் கையில் கொடுத்து, வெயிலைத் திருப்பித் தொட்டியின் மேல்வாயில் விழும்படி பிடிக்கச் சொன்னேன். கறுப்புக் குடையை விரித்து என் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்; அப்போதுதான் தொட்டிக் கண்ணாடியில் கூடம் பிரதிபலிக்காது. தேங்காய் மூடி தொட்டிக்குள்ளேயே, கற்களின் மேல். லென்ஸைத் தொட்டிக்கு நேராகப் பிடித்துக் காத்திருந்தேன். தண்ணீருக்குள் வெயில் இறங்கியதும் முதல் முறையாக அந்தத் தொட்டி அழகாக இருந்தது.

பாப்பா அதுவரை என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றவள், வாசலுக்கு ஓடி அக்காவின் புடவையை இழுத்தாள்.

"அம்மா, அதை என்கிட்ட குடு. நான் பிடிக்கறேன்."

வெயில் சுவரில் தாறுமாறாக ஆடியது. அக்கா கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டாள். அத்தை என்று சொல்லு என்று மெல்லச் சொன்னாள். பாப்பா அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. நான் திரும்புவதற்குள் பாப்பா தூங்கியிருப்பாள், எனக்குத் தெரிய வழியில்லை. எவ்வளவு நாளாக இப்படிக் கூப்பிடுகிறாள் என்று அக்காவிடம் கேட்டேன். மூன்று வாரமாகிறது என்றாள். ராத்திரி அழுவதை நிறுத்தினாளே, அன்றிலிருந்துதான். நான் ஒவ்வொரு தடவையும் திருத்துகிறேனடா என்று சொல்லும்போதே அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. திருடியதைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி நின்றாள். அவள் என்ன செய்வாள் பாவம். கண்ணாடியைச் சரியாகப் பிடிக்கச் சொல்லிவிட்டு மீதிப் படங்களை எடுத்தேன்.

புதன்கிழமை லேபுக்குப் போனேன். லேப்காரர் பிரிண்டை இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினார்.

"இப்ப பாருங்க சார். தேங்கா தேங்காவா கீது."

தேங்காய் தேங்காயாக இருந்தது. தண்ணீர் தண்ணீராக இருந்தது. கல்லின் பழுப்பு, செடியின் பச்சை, எல்லாம் அச்சு அசலாக வந்திருந்தன. நடுவில் பெரிய மீன், செதில் செதிலாக, மாம்பழ மஞ்சளில் நின்றது. கேசரியும் இல்லை, கேசரிக்குச் சித்தப்பாவும் இல்லை. மூன்று மாதமாக நீலத்துக்குள் பதுங்கியிருந்த என் பொய் இப்போது வெயிலில் நின்றது. அதைப் பிடித்து வெளியே நிறுத்தத்தான் நான் இத்தனை பாடுபட்டிருக்கிறேன்.

மீனுக்கு மட்டும் கொஞ்சம் சிவப்பு ஏற்ற முடியுமா என்று லேப்காரரிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"மீனுக்கு மட்டும் ஏத்த முடியாது சார். ஏத்தினா தேங்காவும் ரோஸ் ஆயிடும். பரவால்லியா?"

பரவாயில்லை என்றேன். போட்டுக் கொடுத்தார். மீன் கேசரி நிறத்துக்கு வந்தது, தேங்காய் இளஞ்சிவப்பாகியது. இரண்டு பிரிண்டையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன். தேங்காய் இருக்கும் ஓரத்தைக் கத்தரித்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்றுகூட யோசித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் யோசித்தேன்.

பெஞ்சில் அவள் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் சதை பிடித்திருந்தாள், முகம் தெளிந்திருந்தது. தேங்காய் வைத்தீர்களா என்று கையை நீட்டினாள். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குப் பொய் அலுத்துவிட்டது. ஊரில் எல்லோரிடமும் பொய் சொல்லியாயிற்று. இவளிடம் மட்டுமாவது போதும் என்று தோன்றியது. மாம்பழ மஞ்சள் பிரிண்டை எடுத்துக் கொடுத்தேன்.

கொஞ்ச நேரம் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"எப்போ செத்துது?"

"மூணாவது வாரம். நான்தான் தண்ணியை மொத்தமா மாத்தினேன்."

"கேட்டப்பல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னீங்க."

"ஆமா."

அவள் பிரிண்டை மடியில் கவிழ்த்து வைத்தாள். எதிரே கொடியில் யாரோ போர்வை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"பாப்பா அழறாளா?"

மூன்று மாதமும் ஒவ்வொரு ராத்திரியும் அழுதாள் என்றேன். அக்கா தோளில் போட்டுக்கொண்டு நடப்பாள், விடியும்வரைகூட நடந்திருக்கிறாள் என்றேன். உன் பழைய புடவையைப் போர்த்திவிட்டால்தான் தூங்குவாள் என்றேன். இப்போது மூன்று வாரமாக அழுவதில்லை என்றேன். அதோடு நிறுத்திவிடலாம் போல இருந்தது. அவள் கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்தாள்.

"அக்காவை அம்மான்னு கூப்பிடறா," என்றேன்.

அவள் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அழாதே, உடம்புக்கு ஆகாது என்று வழக்கமாகச் சொல்வேன், அன்று சொல்லவில்லை. பெஞ்சின் என் கோடியிலிருந்து நகர்ந்து அவள் பக்கம் போய் உட்கார்ந்தேன். தள்ளி உட்காருங்கள் என்று அவளும் சொல்லவில்லை. எழுந்து வெளியே ஓடிவிடுவாளோ என்று பயந்துகொண்டுதான் இருந்தேன். ஓடினால் தடுக்க எனக்குத் தெம்பு இருந்திருக்காது.

வெகு நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ராத்திரி பூரா நடந்தாங்களா அக்கா?"

"ம்."

"அவங்களுக்கு முட்டி வலி உண்டே."

அவள் போர்வை உலரும் திசையையே மறுபடி கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பாப்பாவை ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க," என்றாள். "சிரிக்கச் சொல்லாதீங்க. எப்படி நிக்கறாளோ அப்படியே எடுங்க. அக்கா தூக்கி வெச்சிக்கிட்டு இருக்கட்டும்."

உள்ளே மணி அடித்தது. மாத்திரைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவளாகவே வார்டுக்குள் போனாள்.